ரைட்டண்ணன் லீவு எடுத்த கதை

“அப்பா, லீவு நாள்ல எல்லாரையும் அவங்கவங்க சொந்தக்காரங்க வீட்டுக்குக் கொண்டுபோய் விடறியே, நமக்குச் சொந்தக்காரங்களே கிடையாதா?”

மகள் இதைக் கேட்டபோது அவளுக்கு ஐந்து வயது. அன்றைக்கும் ஒரு விடுமுறை நாள்தான். ரைட்டண்ணன் காலையிலிருந்து பஸ் கூட்டத்தில் நசுங்கிவிட்டு வந்து, அப்போதுதான் தட்டின் முன் உட்கார்ந்திருந்தார்.

“ஏன் இல்லாம? பெரியம்மா இருக்காங்களே,” என்றார்.

“அப்ப அவங்க வீட்டுக்கு நம்மளை யாரு கொண்டுபோய் விடுவாங்க?”

உள்ளே அவர் மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் சட்டென்று நின்றது. அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். ரைட்டண்ணன் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தார்.

ரைட்டண்ணன் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை, டிப்போவில் வைத்தது. பஸ்ஸின் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டி, “ரைட், போலாம்!” என்று அவர் குரல் கொடுத்தால், தூங்குகிற டிரைவரும் கியரைப் போட்டுவிடுவார் என்று சொல்வார்கள். கண்டக்டர் வேலைக்கு வந்த நாளிலிருந்து ஒரு பயணியைக்கூட அவர் வழியில் விட்டுவிட்டுப் போனதில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு. டீ குடிக்க நிறுத்திய இடத்தில் எல்லாரும் ஏறிய பிறகு, முன்னாலிருந்து பின்னால் வரைக்கும் ஒரு பார்வை பார்ப்பார். எந்த இருக்கையில் காலி தெரிகிறதோ, அந்த ஆள் வரும்வரை வண்டி நகராது. “தலையை எண்ணாதே, காலியிடத்தை எண்ணு” என்பது அவர் புதுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் பாடம்.

ஊரெல்லாம் உறவைத் தேடிப் போகிற நாளில்தான் கண்டக்டருக்கு வேலை அதிகம். பரிமாறுகிறவன் பசி பந்திக்குத் தெரியாது. கல்யாணமாகிப் பதினைந்து வருடமாக எந்த விடுமுறைக்கும் அவர் வீட்டில் இருந்ததில்லை. மனைவியின் அக்கா வீடு கட்டினாள், இவர்கள் போகவில்லை. அக்கா தன் பெண்ணைக் கட்டிக்கொடுத்தாள், அதற்கும் போகவில்லை. தாயில்லாத தங்கையை எட்டு வயதில் கையோடு அழைத்துக்கொண்டு புருஷன் வீட்டுக்குப் போனவள் அந்த அக்கா. தான் பெற்ற பிள்ளைகளுக்கு முன்னால் அவள் வளர்த்த பிள்ளை இவள்தான்.

இந்த வருடம் அக்காவுக்கு முப்பதாவது கல்யாண நாள். அதுவும் விடுமுறை நாளாகவே வந்து விழுந்தது. அக்கா போனில் பேசினாள்.

“மத்தியானம் போட்டோக்காரர் வர்றார். குடும்பப் படம் எடுக்கறோம். எடுத்ததும் பொண்ணும் மாப்பிள்ளையும் கிளம்பிடுவாங்க. என் கல்யாணப் போட்டோவுல என் கையைப் பிடிச்சுக்கிட்டு நின்னவ நீ. இதுக்கும் வரலைன்னா இனிமே நான் கூப்பிட மாட்டேன்டி. கோபத்துல சொல்லலை. கூப்பிட்டுக் கூப்பிட்டு வாசலைப் பார்த்துக்கிட்டு நிக்க என்னால முடியலை.”

ரைட்டண்ணன் அன்றே போய் டிப்போ மேனேஜர் முன்னால் நின்றார். “லீவா? நீயா?” என்று மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாராம். லீவு கிடைத்தது.

விடிவதற்குள் மூன்று பேரும் பஸ் ஏறினார்கள். வேறு டிப்போ வண்டி. டிரைவர் பழக்கமானவர்தான், தொந்தியும் துண்டுமாக வாய் ஓயாத மனிதர். கண்டக்டர் புதுசு. மீசை இப்போதுதான் முளைக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்த முகம். அவனைப் பார்த்ததும் ரைட்டண்ணனுக்குக் கை பரபரவென்றது.

“தம்பி, அந்த மூட்டையைக் கம்பிக்கு இந்தப் பக்கம் தள்ளு. இறங்கறவங்க காலைத் தட்டும்.”

“சரிண்ணே.”

“தம்பி, சில்லறையை மேல் பையில வைக்காதே. குனிஞ்சா கொட்டும்.”

“சரிண்ணே.”

“என்னங்க,” என்றாள் மனைவி. “டிக்கெட் எடுத்துத்தானே ஏறினீங்க? உக்காருங்க.”

“உக்காந்துதானே இருக்கேன்.”

“சீட்டு உங்களைத் தாங்கலை, நீங்கதான் சீட்டைத் தாங்கிக்கிட்டு இருக்கீங்க. நல்லா சாஞ்சு உக்காருங்க.”

மகள் ஜன்னலோரம். இப்போது அவளுக்கு ஏழு வயது. வழியில் தெரிகிற மாடு, கிணறு, செங்கல் சூளை எல்லாவற்றுக்கும் கை ஆட்டிக்கொண்டே வந்தவள், வளைவுகள் தொடங்கியதும் வாடினாள். டீக்கடை முன்னால் வண்டி நிற்கப்போகிற நேரம் பார்த்து, அம்மா மடியில் இருந்த போர்வையிலேயே வாந்தி எடுத்துவிட்டாள். வாயைத் துடைத்துத் தண்ணீர் கொடுத்ததும் அப்படியே இருக்கையில் கால் நீட்டிப் படுத்துத் தூங்கிப்போனாள். மனைவி போர்வையைச் சுருட்டிக்கொண்டு, கடைக்குப் பின்னால் இருந்த குழாயடிக்குப் போனாள். கால் வீங்கியிருந்ததால் செருப்பை இருக்கைக்கு அடியில் கழற்றிப் போட்டிருந்தாள். இதோ இரண்டு எட்டு, எதற்கு மாட்டிக்கொண்டு என்று வெறுங்காலோடு இறங்கினாள். இறங்கும்போது, “குட்டியைப் பார்த்துக்கங்க,” என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். ரைட்டண்ணன் கேட்டுக்கொண்டுதான் இருந்தார், தலையையும் ஆட்டினார். ஆனால் அவர் கண் முழுக்க வண்டிக்கு வெளியே இருந்தது.

இளநீர் குடித்தவர்கள் ஏறினார்கள். பீடி பிடித்தவர்கள் ஏறினார்கள். டிரைவர் துண்டை உதறிக்கொண்டு வந்து உட்கார்ந்து இஞ்சினை உறும விட்டார். படிக்கட்டில் நின்றிருந்த ரைட்டண்ணன் முன்னாலிருந்து பின்னால் வரைக்கும் ஒரு பார்வை பார்த்தார். எந்த இருக்கையும் காலியில்லை. மனைவியின் இடத்தையும் தம் இடத்தையும் சேர்த்து மகள் கால் நீட்டிக் கிடந்தாள். கை தானாகப் போய்த் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டியது.

“ரைட், போலாம்!”

வண்டி கிளம்பிவிட்டது.

கிளம்பிய நிம்மதியில் அவர் முன்னால் போய், இஞ்சின் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு டிரைவரோடு பேச ஆரம்பித்தார். டயர் விலையைப் பேசினார்கள். மேனேஜரின் மூக்குக்கண்ணாடியைப் பேசினார்கள். பாலம் ஒன்று, ஆறு ஒன்று, நீளமான ஒரு சோளக்காடு எல்லாம் பின்னால் போயின. அப்போது நடு இருக்கையிலிருந்து, மடியில் கூடையோடு உட்கார்ந்திருந்த முட்டைக்கார அம்மாள் குரல் கொடுத்தாள்.

“மீதிச் சில்லறை தர்றேன்னு சொன்ன கண்டக்டர் பையன் எங்கப்பா?”

“பின்னால இருப்பான்,” என்றார் டிரைவர்.

“பின்னால யாரும் இல்லை,” என்றது பின்னால் இருந்து ஒரு குரல்.

ரைட்டண்ணன் திரும்பிப் பார்த்தார். கண்டக்டர் இருக்கை காலியாக இருந்தது. கண்டக்டர் காலியிடத்தை எண்ணுவான், தன் இடத்தை எண்ணமாட்டான். அப்போதுதான் மகள் எழுந்து உட்கார்ந்து கண்ணைக் கசக்கினாள்.

“அப்பா, அம்மா எங்க?”

டிரைவர் பிரேக்கை மிதித்தார்.

“யோவ், ரைட் கொடுத்தது யாரு?”

“நான்தான்.”

“நீ எதுக்குய்யா கொடுத்தே? நீ டிக்கெட் வாங்கின ஆளு!”

“வாய் தானா சொல்லிடுச்சு.”

“என் கண்டக்டரையும் விட்டுட்டே, உன் பொண்டாட்டியையும் விட்டுட்டே. என்னை மட்டும் எதுக்குய்யா மிச்சம் வெச்சே? என்னையும் இறக்கி விட்டுட்டு நீயே ஓட்டிக்கிட்டுப் போயிருக்க வேண்டியதுதானே?”

பின்னால் யாரோ சிரித்தார்கள். அது பரவி, வண்டியே குலுங்கச் சிரித்தது. ரைட்டண்ணன் சிரிக்கவில்லை. மனைவி காலில் செருப்பில்லை, கையில் பை இல்லை, போன் இவர் சட்டைப் பையில் இருந்தது. டிரைவர் கண்டக்டர் பையனின் போனுக்கு அடித்தார். அது அவர் பக்கத்திலேயே, சார்ஜில் கிடந்தபடி பாட்டுப் பாடியது. டீக்கடைக்கு அடித்தார்.

“அந்தம்மா வண்டி பின்னாடியே ஓட ஆரம்பிச்சுடுச்சு,” என்றார் டீக்கடைக்காரர். “உங்க பையன் கை கழுவிக்கிட்டு இருந்தவன் அந்தம்மா பின்னாடி ஓடினான். இப்ப ரெண்டு பேரும் கண்ணுக்குத் தெரியலை.”

சாலைக்கு நடுவே நீளச் சுவர். வண்டியைத் திருப்ப முடியாது. அடுத்த நிறுத்தத்தில் நின்று காத்திருக்கலாம் என்றார் டிரைவர். “ஆனா இவங்கல்லாம் சம்மதிக்கணும். எல்லாருக்கும் வீட்டுல இலை போட்டுக் காத்திருப்பாங்க.”

ரைட்டண்ணன் இருக்கைகளுக்கு நடுவே வந்து நின்றார். “தப்பு என்மேல. எங்க வீட்டம்மா பதினஞ்சு வருஷம் கழிச்சு அவங்க அக்காவைப் பார்க்கப் போறா. கொஞ்ச நேரம் பொறுத்துக்கணும்.”

முட்டைக்கார அம்மாள்தான் முதலில் பேசினாள். “முட்டையே பொறுமையா இருக்கு, நமக்கு என்ன? நில்லுப்பா.”

வண்டியை மரநிழலில் நிறுத்தினார்கள். கடவுள் சில சமயம் மனிதர்களை நல்லவர்களாக்க வேறொன்றும் செய்வதில்லை, வண்டியைக் கொஞ்ச நேரம் நிறுத்திவைக்கிறார். சொந்தக்காரர்களுக்கென்று கட்டி எடுத்துப்போன பலகாரப் பொட்டலங்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. ஒருவர் மருமகனுக்கு வாங்கிய ஆரஞ்சை உரித்து மகள் கையில் வைத்தார். பட்டாளத்திலிருந்து வந்த ஒருவர், தான் இதுவரை பார்த்திராத மூன்று மாதக் குழந்தையின் படத்தைச் சுற்றுக்கு விட்டார். “மூக்கு அப்படியே உங்க மூக்கு,” என்றார் பக்கத்து இருக்கைக்காரர். “பொண்ணுக்கு இந்த மூக்கா?” என்று முட்டைக்கார அம்மாள் கவலைப்பட்டாள். மகள் ஆரஞ்சுச் சாறு வழிய எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள், “எங்கப்பா எங்கம்மாவைத் தொலைச்சுட்டார்.”

ரைட்டண்ணன் மட்டும் சாலையோரத்தில் நின்றுகொண்டே இருந்தார். வெயில் ஏறியிருந்தது. தார் பளபளத்தது. வருகிற ஒவ்வொரு வண்டிக்கும் கழுத்தை நீட்டினார். யாரையோ கூப்பிட்டுக் கூப்பிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்பது எப்படியிருக்கும் என்று அந்த மரத்தடியில் அவருக்குத் தெரிந்தது.

கடைசியில் ஒரு பால் வண்டி வந்து நின்றது. முன்னால் டிரைவர் பக்கத்தில் மனைவி, மடியில் ஈரப் போர்வை. பின்னால் கேன்களுக்கு நடுவே குந்தியபடி கண்டக்டர் பையன். மனைவி இறங்கினாள். அவள் காலில் கப்பல் மாதிரி ஒரு ஜோடி ஆண் செருப்பு. ஒன்றின் வார் அறுந்து, சணல் கயிற்றால் கட்டியிருந்தது.

பஸ்ஸின் ஜன்னல்களில் எல்லாத் தலையும் வெளியே வந்துவிட்டது.

“பதினஞ்சு வருஷமா லீவு நாள்ல என்னை வீட்டுல விட்டுட்டுப் போனீங்க,” என்றாள் மனைவி. “இந்த வருஷம் முன்னேற்றம். நடுரோடு வரைக்கும் கூட்டிட்டு வந்து விட்டிருக்கீங்க.”

“நான்...”

“பேசாதீங்க. வாயைத் திறந்தா நீங்க ரைட்டுன்னுதான் சொல்லுவீங்க.”

ஜன்னல்கள் கைதட்டின. அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு குரலைத் தணித்து, “அந்தத் தம்பிக்கு முதல்ல ஒரு வார்த்தை சொல்லுங்க,” என்றாள். “தார்ல காலை வைக்க முடியலை. நான் தத்தித் தத்தி ஓடறதைப் பார்த்து, கால்ல இருந்ததைக் கழட்டிக் கொடுத்துட்டான். வேண்டாம்டான்னா கேக்கலை. ‘அக்கா, எங்க வீட்டுலயும் அக்கா இருக்கு’ன்றான். பாலம் வரைக்கும் வெறுங்கால்லயே நடந்தான். எந்த வண்டியும் நிக்கலை. இந்தப் பால்காரர் நிறுத்தினாரு.”

ரைட்டண்ணன் பையனிடம் போனார். “தம்பி...”

“விடுங்கண்ணே, பழக்கம்தான்,” என்றான் அவன். கட்டுப்போட்ட செருப்பை வாங்கி மாட்டிக்கொண்டு, இரண்டு கையிலும் கம்பியைப் பிடித்து ஏறினான். கால் வைத்த விதத்திலேயே அவன் வலி ரைட்டண்ணனுக்குத் தெரிந்தது. வழி முழுக்க அவனை உட்கார வைத்துவிட்டு அவரே மூட்டை தூக்கினார், கதவு திறந்தார், குழந்தைகளை இறக்கினார். “ரைட்” மட்டும் சொல்லவில்லை. அதைப் பையன்தான் சொன்னான். அதற்கு முன் ஒவ்வொரு தடவையும் வண்டியே ஒன்றாகக் கத்தியது, “ரைட்டண்ணன் பொண்டாட்டி ஏறியாச்சா?” உள்ளேயிருந்து அவளும் சளைக்காமல், “ஏறியாச்சு!” என்றாள்.

அவர்கள் போய்ச் சேரும்போது மத்தியானம் நன்றாகத் தாண்டிவிட்டது. தெருமுனையில் திரும்பியதும் மனைவியின் நடை தளர்ந்தது. “எல்லாரும் போயிருப்பாங்க,” என்றாள். “எனக்கு அக்கா முகத்தைப் பார்க்க பயமா இருக்கு.”

அக்கா வாசலில் நின்றிருந்தாள். நெற்றிப்பொட்டு வியர்வையில் கரைந்திருந்தது. தங்கையைப் பார்த்தாள், ஈரப் போர்வையைப் பார்த்தாள், புழுதிக் காலைப் பார்த்தாள். இரண்டு கையாலும் அவள் முகத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எட்டு வயதுப் பிள்ளைக்கு முகம் துடைப்பது போலத் தன் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டாள்.

“போட்டோக்காரர் போயிட்டாராக்கா?”

“எங்க போவார்? அவர் பெட்டியை அலமாரியில வெச்சுப் பூட்டிட்டேன்ல.”

உள்ளேயிருந்து சகலை ஓடிவந்தார். முப்பது வருடம் அக்காவோடு குடித்தனம் நடத்தியதில் எதற்கும் அதிராத மனிதர். “வாங்க சகலை! அந்த ஆளு ரெண்டு தடவை சாப்பிட்டாச்சு, மூணாவது பந்திக்கும் உக்காந்துட்டாரு. மாப்பிள்ளைக்குப் பஸ் போயிடுச்சு. நாளைக்குப் போய்க்கட்டும்னு உங்க அக்கா சொல்லிட்டா. சொன்னா சொன்னதுதான்.”

மாப்பிள்ளை மூலையில் வாழைப்பழம் உரித்துக்கொண்டு, “எனக்கு ஒண்ணும் வருத்தமில்லை மாமா,” என்றார். அவர் முகத்தில் உண்மையிலேயே ஒரு வருத்தமும் இல்லை. அவர் வேலை பார்க்கும் கடை முதலாளியை நினைத்தால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று அவர் மனைவி சொன்னாள்.

பின்கட்டில் படத்துக்கு நிறுத்தினார்கள். அது ஒரு பெரும்பாடு. ரைட்டண்ணன் போட்டோக்காரர் பக்கத்தில் நின்றுகொண்டு வேலையை எடுத்துக்கொண்டார். “கொஞ்சம் உள்ள தள்ளுங்க. நடுவுல இடம் இருக்கு. ஏய் குட்டி, கையை வெளிய நீட்டாதே. சகலை, அக்கா பக்கம் நெருங்கி நில்லுங்க, முப்பது வருஷமாச்சு, இன்னும் என்ன வெக்கம்?”

“அண்ணே,” என்றார் போட்டோக்காரர், “நீங்க படத்துல இல்லையா?”

மனைவி வரிசையை விட்டு வந்து, அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், தனக்கும் மகளுக்கும் நடுவில் நிறுத்தினாள். அவள் ஒரு கை அக்காவின் கையில் இருந்தது. போட்டோக்காரர் விரலைத் தூக்கினார். “ரைட்டுன்னு சொல்லிடாதேப்பா,” என்று மகள் கிசுகிசுத்தாள். வரிசை முழுக்கச் சிரித்தது. படம் அப்படியேதான் விழுந்தது.

அதற்குப் பிறகு சாப்பாடு. சாப்பாட்டுக்குப் பிறகு கதை. அக்கா பக்கத்தில் தங்கை படுத்துக்கொண்டாள். பதினைந்து வருடத்துப் பேச்சு, ஒன்றை முடிக்காமல் இன்னொன்று தொடங்கியது. பால் வண்டிக் கதையை நாலாவது தடவையாகச் சொல்லும்போது அதில் அவள் இன்னும் இரண்டு மைல் கூடுதலாக ஓடியிருந்தாள். ரைட்டண்ணன் கூடத்துச் சுவரில் சாய்ந்துகொண்டு கேட்டார். இந்த முறை நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவ்வளவு சிரிப்பிலும், கம்பியை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு ஏறிய அந்தக் கால் மட்டும் அவர் கண்ணை விட்டுப் போகவில்லை.

வெயில் தாழ்ந்ததும், “காலாற நடந்துட்டு வர்றேன்,” என்று எழுந்தார். வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. விசேஷத்துக்கென்று மனைவி வாங்கிக் கொடுத்த தம் புதுத் தோல் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டார்.

பஸ் நிலையத்தில் கூட்டம் வடிந்துவிட்டிருந்தது. ஊருக்குப் போகவேண்டியவர்கள் எல்லாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அந்த வண்டி சுவரோரமாக நின்றது. டிரைவரைக் காணோம், சாப்பிடப் போயிருப்பார். பின் இருக்கையில் பையன் காக்கிச் சட்டையைத் தலைக்கு வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். விடிந்தால் திரும்புகிற டிரிப். வீட்டிலுள்ள அக்காவை அவன் எந்த விடுமுறையில் பார்த்தானோ.

ஜன்னல் வழியே விழுந்த மஞ்சள் வெயிலில் அவன் உள்ளங்கால்கள் தெரிந்தன. இரண்டிலும் கொப்புளம். ஒன்று உடைந்திருந்தது.

ரைட்டண்ணன் படியில் சத்தம் கேட்காமல் ஏறினார். இருக்கைக்கு அடியில் கிடந்த சணல் கட்டிய செருப்பை எடுத்து, தம்முடையதோடு சேர்த்துவைத்துப் பார்த்தார். அளவு ஒன்றுதான். தம் செருப்பைக் கழற்றினார். தெருப்புழுதி ஒட்டியிருந்தது. வேட்டி முனையால் இரண்டையும் துடைத்து, எழுந்ததும் கால் நேராக நுழையும்படி, வாசல் பக்கம் பார்க்க வைத்தார். ஒரு கணம் நின்றார். பையன் ஏதோ முனகிவிட்டு, புரண்டு படுத்தான்.

அவனுடையதை மாட்டிக்கொண்டு இறங்கினார். வேகமாக நடந்தால் கட்டு அவிழ்ந்துவிடும் போலிருந்தது. அதனால் மெதுவாகவே நடந்தார், ஒரு காலை இழுத்து இழுத்து, யாருமில்லாத தெருவில்.